மேல் வரிக்கு ஏறிய குரல்

குளிர்பெட்டியைத் திறந்ததும் அவர் எதையும் உடனே எடுத்துவிட மாட்டார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "மிச்சம் எவ்வளவு?" என்பார். கேட்பது பாட்டிலைத்தான். தீர்ந்துபோனால் கழுவிக் காயவைத்து, மூடி போட்டு, ஒட்டிய சீட்டோடு அதே இடத்தில் வைத்துவிடுவார். அவர் வீட்டில் 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் காற்று இருந்தால் ஆச்சரியப்படக் கூடாது. மனைவி உயிரோடிருந்தவரை இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளில்லை. "காலி டப்பாவுக்குக் காவல் காக்கிற மனுஷனை இங்கதான் பாக்கறேன்" என்பாளாம்.

அலுவலகத்தில் அவர் பெயரே மிச்சம். கணினியில் எந்தக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பெரியது மேலே, சிறியது கீழேயாக வரிசைப்படுத்திக் காட்டி, சொன்னதை அழிக்கும் ஒரு கருவியை எழுதி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. சொன்னதைச் செய்யுமுன் 'நிச்சயமாகவா?' என்று அது கேட்காது என்பதில் அவருக்குத் தனிக் கர்வம். "ஒரு தடவை சொன்னா செய்யணும். ரெண்டாவது தடவை கேக்கறது மரியாதை இல்ல" என்பார்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஒருநாள் அவரிடம் வந்து, "ஃபைலை அழிச்சா அதுல எழுதிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராம் தடுமாறுது சார். பேர் அப்படியே இருக்கட்டும், உள்ள இருக்கறதை மட்டும் கொட்டிடற மாதிரி ஒண்ணு குடுங்களேன்" என்றார். மிச்சத்துக்கு வாயெல்லாம் பல். டப்பாவை வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கொட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் ஏது? அடுத்த விடுமுறை நாளில் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். ஒரே ஒரு விசையைத் தட்டினால் கோப்பு பூஜ்யமாகிவிடும்.

அலுவலகக் கணினியில் சோதித்துப் பார்க்கப் பயம். வீட்டில் யாரும் தொடாத கணினி ஒன்று இருந்தது, பூட்டிய படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில். அவர் மனைவி தூக்கத்தில் பேசுவாள். காலையில் "நேத்து என்ன உளறினேன்?" என்று கேட்பாள், சொன்னால் நம்பமாட்டாள். அதற்காகவே வைத்த ஒலிப்பதிவுக் கணினி அது. சத்தம் கேட்டால் மட்டும் எழுதும். எல்லாம் ஒரே கோப்பில். அவள் போன பிறகு கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாரே தவிர, அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவின் குரலுக்கு ஒரு நகல் வேண்டும் என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எடுப்பது பெரிய வேலையல்ல. எடுத்துக் கொடுத்தால் அவள் போட்டுக் கேட்பாள், தன் காதிலும் விழும் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கூடத்து மேசையிலிருந்தபடியே வலையமைப்பு வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து, சோதனைக்காக ஒரு குப்பைக் கோப்பை உருவாக்கினார். மனைவியின் குரல் இருந்த கோப்பைவிட மயிரிழைதான் பெரிது. திரையில் குப்பை முதல் வரி, குரல் இரண்டாம் வரி. முதல் வரியில் நின்று விசையைத் தட்டினார். விரல் இறங்கிய அதே கணத்தில் வரிசை மாறியது. குரல் வளர்ந்து, குப்பையைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. கருவி எதையும் கேட்கவில்லை. குரலின் அளவு பூஜ்யம்.

பூட்டிய அறையில் எது சத்தம் போட்டது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அவளை இன்னொரு முறை, அதுவும் தன் கையாலேயே அனுப்பிவிட்டோம் என்றுதான் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கோப்பு பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே.

காரணம் தெரியாதவரல்ல. கோப்பைக் கொட்டியது பதிவு செய்யும் நிரலுக்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து அது பாட்டுக்கு எழுதும். முன்னால் உள்ளதெல்லாம் வெறும் வெற்றிடம். கடைசியில் ஒட்டியிருக்கும் துளி மட்டுமே நிஜம். ஆனால் அந்தத் துளி, கொட்டிய பிறகு அந்த அறையில் கேட்ட ஏதோ ஒன்று. அதை நினைத்ததும்தான் அவர் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது அவர் கருவி, எதையும் கொட்டுமுன் 'நிச்சயமாகவா?' என்று கேட்கிறது. ஏன் என்று யாருக்கும் அவர் சொல்லவில்லை, மகளைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் எதையும் மறைக்கவில்லை.

"கடைசியில இருக்கறதையாவது போடுங்கப்பா."

"அது அம்மா போனதுக்கப்புறம் பதிவானதும்மா."

"தெரியும்ப்பா."

அவர் நகரவில்லை. அவளே எழுந்துபோய் அறைப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளக் கை வைத்தாள். மிச்சம் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவை விரலால் மெல்லத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே சத்தமில்லை. இன்னொரு தடவை தட்டினார்.