சமன்பாட்டில் இல்லாத சூடு

மகள் உரக்கப் படித்தாள்: "அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்." ஆரணி வீட்டுக் கொல்லையின் ஆசிட் நெடி என் மூக்கில் ஏறியது.

அன்று அங்கே பட்டுநூலுக்குச் சாயம் போடும்போது அப்பாவின் வலது கையில் ஆசிட் கொட்டிவிட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த நான் குறுக்கே நின்றேன்.

"தண்ணி வேணாம்மா. சோடா போட்டா ஆசிட் செத்துடும். சார் சொன்னாரு."

நூலை வேகவைக்க வைத்திருந்த சோடாத்தூளை அள்ளி அந்தக் கையில் அப்பினேன். நுரைத்துச் சூடாகப் பொங்கியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எரிஞ்சிகினே கீதும்மா. படிச்ச பொண்ணு, இன்னும் கொஞ்சம் போடு."

போட்டேன்.

அந்த விரல்கள் அப்புறம் நூலைப் பிழிய மடங்கவே இல்லை.

"சரியாம்மா?" என்றாள் மகள்.

"சூடும் வரும். அதையும் எழுதிக்கோ."