ஊரடங்கில் அடித்த தொட்டில் கொக்கி

மாத்தளையில் என் பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்கித் தந்தது அரசாங்கம்தான். ஊரடங்குச் சட்டம் போட்டால் கணவர் கந்தோருக்கு வேலைக்குப் போகத் தேவையில்லை; கைக்குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார். நான் கொல்லைப்புறத்தில் சிரட்டைக்கரியை மூட்டி, பழைய தண்டவாளத் துண்டின்மேல் இரும்பை வைத்து அடிப்பேன்.

கத்தி அடிக்கத்தான் ஆசை. ஆனால் வீட்டைச் சோதனையிட வரும் இராணுவத்திடம், தமிழ் வீட்டில் கத்தி அடிப்பது வெறும் பொழுதுபோக்கு என்று விளக்கும் தைரியம் எனக்கில்லை. அதனால் தொட்டில் கட்டக் கொக்கி அடித்தேன்.

"ஊரே அடங்கிக் கெடக்கு, ஒங்க வீட்டுல மட்டும் என்ன புள்ள டங்கு டங்குனு?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார், நான் ராத்தா என்று அழைக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா.

கொக்கி தாங்குமா? முதலில் பத்துக் கிலோ அரிசியைத் தொட்டிலில் போட்டேன். ஒரு வாரமாகியும் எடுக்கவில்லை.

"அரிசி நல்லாத் தூங்குது. புள்ளய எப்பப் போடப் போற?" என்றார் கணவர்.

போட்டேன். பிள்ளை இரண்டு மணிநேரம் அயர்ந்து தூங்கினான். நான் தொட்டிலுக்கு அடியில் மெத்தையை விரித்துவிட்டு, கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கொக்கிகள் அடித்திருக்கலாம்.