வாய் தவறி வந்த ஓம்

கடவுளுக்கு முழுமனதோடு ஓம் என்று, அதாவது ஆம் என்று, சொன்னால் அவர் ஆளை ஆபிரிக்காவுக்கு அனுப்பிவிடுவார் என்று முப்பத்துநாலு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம், என்னிடம் ஆதாரம் இருந்தது. எங்கள் சுவாமியார் இருக்கும் அறைவீட்டு விறாந்தையில் ஒரு படம் தொங்கியது. தாடி வைத்த வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் ஆற்றங்கரையில் நிற்பார். அவருக்குப் பின்னால் ஒரு முதலை, கண்ணை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். இந்த மனுசனும் எங்கேயோ ஒரு கோயிலில், யாரோ கேட்ட கேள்விக்கு, யோசியாமல் ஓம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே நான் கவனமாக இருந்தேன். செபத்தில் "உம்முடைய சித்தம்" என்ற இடம் கிட்டியதும் எனக்கு இருமல் வந்துவிடும். இருமி முடிய மற்றவர்கள் அன்றாட அப்பத்துக்கு வந்திருப்பார்கள். அப்பம் கேட்பதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை. அந்த இடத்தில் உரத்த குரலில் சேர்ந்துகொள்வேன்.

பூசை லத்தீனில் இருந்த காலத்தில் இந்தப் பாடு இருக்கவில்லை. எங்களுக்கும் விளங்காது, ஆகவே கடவுளும் எங்களைப் பிடிக்கமாட்டார் என்று நிம்மதியாக எதையும் சொல்லிவிட்டுப் போனோம். பூசை தமிழுக்கு மாறியதோடு வந்தது வினை. சொல்லுகிற சொல்லெல்லாம் விளங்கத் தொடங்கிவிட்டது.

அப்போது நாங்கள் நாரந்தனைக்குக் கிட்டக் கடற்கரையோரம் இருந்தோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சானும் நானும் சேர்ந்து வைத்திருந்த ஒரு சின்ன வள்ளம். கடலில் நான் பெரிய வல்லாளன் இல்லை. ஆனால் ஊரில் ஆரைப் போலவும் பேசிக் காட்டுவேன். கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத்தான் தேடுவார்கள்.

தவக்காலத்தில் மூன்று நாள் தியானப் பிரசங்கம் வைப்பார்கள். அந்த வருஷம் வெளியூரிலிருந்து ஒரு சுவாமி வந்திருந்தார். மெலிந்த ஆள், குரல் மட்டும் சங்கு. மூன்றாம் நாள் பின்னேரம், வெக்கை, கோயில் நிறையச் சனம். நான் விடியற்புறம் வலை இழுத்துவிட்டு வந்து ஆண்கள் பக்கத்தில் தூணோடு சாய்ந்திருந்தேன். நித்திரை இல்லை, நித்திரைக்கும் முழிப்புக்கும் இடையில் ஒரு நல்ல இடம்.

பக்கத்தில் இருந்த மச்சான் என் விலாவில் இடித்து, "நாளைக்கு விடிய வாறியோ?" என்று குசுகுசுத்தான்.

அதே நேரம் அங்கே பிரசங்கி இரண்டு கையையும் விரித்து, "ஆண்டவர் எதைச் சொன்னாலும் கீழ்ப்படிய, எங்கே அனுப்பினாலும் போய்ப் பணிசெய்ய, முழுமனதோடு ஆயத்தமாயிருக்கிறவர் இந்த ஊரில் ஒருவராவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தியிருக்கிறார். கோயில் முழுக்க அமைதி.

"ஓம்!" என்றேன் நான்.

கரையில் நின்று வள்ளத்துக்குச் சொல்லுகிற ஓம் அது. கோயில் முகட்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஐந்நூறு தலை என் பக்கம் திரும்பின. பிரசங்கி கண்ணீர் விட்டார். "ஒரு ஆத்துமம்! ஒரு ஆத்துமம் பதில் சொல்லிவிட்டது!" என்றார். மச்சான் தூணுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தான். பெண்கள் பக்கத்தில் என் மனைவி முக்காட்டை மூக்கு வரை இழுத்து விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "இஞ்சாருங்கோ, ரெண்டு சாரம் தோய்ச்சு வைக்கட்டே? அங்கை வெக்கையாம்."

"எங்கை?"

"ஆபிரிக்காவிலை."

அவளுக்கு என் பயம் தெரியும். அந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஒன்பது நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் குசினிக்குள் போய் அடுப்படியில் ஒளித்துக்கொள்வேன். வள்ளத்தில் வலை விடும்போது மேகம் கொஞ்சம் கறுத்தால், "சரி, கூப்பிடுறார்" என்று வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். ஊரில் சிறிசுகள் கூட "ஆத்துமம் போகுது, வழி விடுங்கோடா" என்று சொல்லிச் சிரித்தார்கள். மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டினவனை இப்போது ஊரே பேசிக் காட்டியது. "ஓம்!" என்று கத்துவார்கள், அசல் என் குரலில்.

பத்தாம் நாள் ஒரு முடிவோடு சுவாமியாரிடம் போனேன். எங்கள் பங்குச் சுவாமி அறைவீட்டுப் பின்வளவில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவாமி, அண்டைக்குப் பிரசங்கத்திலை ஒரு ஓம் சொன்னனான்."

"ஓம், கேட்டனான். ஊர்காவற்றுறைக்கே கேட்டிருக்கும்."

"அது மச்சானுக்குச் சொன்னது சுவாமி. அதைத் திருப்பி எடுக்க ஏலுமே?"

அவர் ரியூப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆபிரிக்கா, முதலை, பிள்ளைகள் சின்னது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"உம்மை ஆபிரிக்காவுக்கு அனுப்புறதோ? அங்கத்தைச் சனம் என்ன பாவம் செய்தது?" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. போகத் திரும்பினேன். "நில்லும்," என்றார். "நீர் ஆருக்குச் சொன்னீரோ தெரியாது. எனக்கு ஒரு ஆள் தேவை. கிட்டத்தான். சம்மாட்டியார் வீட்டுக்கு நாளை தொடக்கம் காலமையும் பின்னேரமும் போய் அவரைத் தூக்கி இருத்த வேணும்."



"சுவாமி, ஆபிரிக்காவுக்கு எத்தினை நாள் கப்பல்?"

காரணத்தைச் சொல்ல வேண்டும். சம்மாட்டியார் எங்கள் கரையில் பெரிய வள்ளமும் வலையும் வைத்து ஆள் சேர்த்துத் தொழில் செய்தவர். நானும் அவரிடம் வேலைக்கு நின்றவன். ஒரு கலியாண வீட்டில், அவர் வந்திருப்பது தெரியாமல், அவர் வள்ளத்தில் நின்று கத்துகிற மாதிரியைச் செய்து காட்டினேன். வயிற்றைத் தள்ளி, ஒரு கையால் சாரத்தைப் பிடித்து, "இழுடா பேயா, உன்ரை கொப்பன்ரை வலையே!" என்று. சபை சிரித்துச் சிரித்துத் திடீரென்று நின்றது. திரும்பினால் அவர் நிற்கிறார். "நாளைக்கு என்ரை வள்ளத்திலை கால் வைச்சியோ, காலிராது," என்றார். அன்றைக்கு எங்களுக்குள் நின்ற பேச்சு எட்டு வருஷமாக நின்றதுதான்.

அந்த மனுசன் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பாயோடு கிடந்தார். மகன்மார் கொழும்பில், மகள் மன்னாரில். வீட்டில் அவருடைய மனைவி மட்டும். அந்த மாமி ஒரு முருங்கைக் காய் அளவு. அவரோ ஆறடி ஆள். முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. ஆசுப்பத்திரி நேர்ஸ் மிஸ் வந்து பார்த்து, ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் தூக்கிக் கதிரையில் இருத்தி, புண்ணைக் கழுவிக் காற்றுப்பட விடவேணும், இல்லாவிட்டால் அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தா.

அடுத்தநாள் விடியப் போனேன். படலையைத் திறந்தேன், மூடினேன், வேலியோரமாக வீட்டுக்குத் திரும்பி நடந்தேன், பிறகும் வந்தேன். மூன்றாம் தரம் மாமி உள்ளேயிருந்து, "தம்பி, படலை கழண்டிடும். ஒண்டில் வாரும், இல்லாட்டிப் போம்," என்றா.

அறைக்குள் அவர் சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தார். என்னைக் கண்டதும் வாயின் ஒரு பக்கம் அசைந்தது. வாதம் வந்தபின் அவருக்குப் பேச்சுக் குழறிப்போயிருந்தது. ஒன்றும் பிடிபடாது. ஆனால் ஒரு சொல் மட்டும் பழைய மாதிரியே தெளிவாக வந்தது.

"பேயா."

"ஓம் சம்மாட்டியார்," என்றேன். வேறென்ன சொல்ல?

தூக்குவதும் எனக்குத் தெரியவில்லை. சாக்கு மூட்டையைத் தூக்குகிற மாதிரிக் கக்கத்துக்குள் கை கொடுத்து இழுத்தேன். அவருடைய நல்ல கை எழும்பி என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தது. நான் "ஐயோ" என்று குனிய, அவர் சரிய, இரண்டு பேருமாகப் பாயில் விழுந்தோம். அவர் மேலே, நான் கீழே. மாமி தண்ணீர்ப் பேசினைக் கையில் வைத்துக்கொண்டு ஆரைத் தூக்குவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் சிரித்துவிட்டா. "எட்டு வருஷக் கோவம், தம்பி. பாரமாத்தான் இருக்கும்," என்றா.

பிறகு மிஸ்ஸிடம் போய்க் கேட்டுப் பழகினேன். முழங்காலை மடக்கி, ஆளை முதலில் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு, பிறகு நெஞ்சோடு நெஞ்சு வைத்து எழுப்புவது. அதற்கும் அவர் என் மயிரைத்தான் பிடித்தார். விடச் சொன்னால் இன்னும் இறுக்குவார். நான் மொட்டை அடித்துக்கொண்டேன். ஊரில் நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு காதைப் பிடித்தார்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனேன் என்று பெருமையாக இருந்தது. கோயிலில் சுவாமியாரைப் பார்த்து ஒரு மாதிரி நிமிர்ந்து நிற்கவும் தொடங்கினேன். அந்த நேரம் நெடுந்தீவுப் பக்கம் மீன் நல்லாய்ப் படுகுது என்று மச்சான் சொன்னான். ரெண்டு நாள்தானே, ஆரிடமும் சொல்லாமல் போனேன். உண்மையில் ரெண்டு நாள் இல்லை, காற்று மாறி நாலு நாள். வள்ளத்தில் இருந்துகொண்டே எனக்கு நானே நியாயம் சொன்னேன். மாமி ஆரையாவது பிடிச்சிருப்பா. சுவாமியார் பார்த்திருப்பார். நான் என்ன, சத்தியமா செய்து குடுத்தனான்? மச்சானுக்குச் சொன்ன ஓம்தானே?

ஐந்தாம் நாள் விடிய ஒரு விளைமீனும் கொண்டு போனேன், காணிக்கை மாதிரி. மாமி மீனை வாங்கி வைத்தா. ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பக்கவாட்டில் திருப்பும்போது துணியை விலக்கிக் காட்டினா. உள்ளங்கை அளவு இருந்த புண் இரண்டு உள்ளங்கை அளவாகி, நடுவில் குழி விழுந்து, கெட்ட மணம் மணத்தது. அவர் அன்றைக்கு என் காதைப் பிடிக்கவில்லை. பேயா என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அன்றைக்குப் பயந்த மாதிரி நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஆபிரிக்கா எல்லாம் சும்மா. சைக்கிளில் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு மிதித்த மிதியில் செருப்பொன்று எங்கேயோ போய்விட்டது. மிஸ்ஸுக்கு முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்று, "நான்தான் செய்தனான், நான்தான் செய்தனான்," என்றேன். அவ யாரையோ வெட்டிவிட்டேன் என்று நினைத்து எழும்பிவிட்டா. விஷயம் விளங்கியதும் மருந்தையும் சீலைத்துண்டுகளையும் தந்து, "ஒரு நேரமும் விடப்படாது, விளங்குதோ? நீர் களைச்சாலும் புண் களைக்காது," என்றா.

அன்று தொடக்கம் நான் ஒரு நேரமும் விடவில்லை. சோளகக் காற்றுத் தொடங்க எங்கள் ஆட்கள் முல்லைத்தீவுப் பக்கம் கொட்டில் போட்டு நாலைந்து மாதம் தங்கித் தொழில் செய்யப் போவார்கள். மச்சான் வந்து வள்ளத்தை ஏற்றுவம் என்றான். நான் வரேல்லை என்றேன். "விசரே உனக்கு? உன்னை வள்ளத்தாலை கலைச்ச ஆளுக்கோ இருக்கிறாய்?" என்றான். கோபித்துக்கொண்டு வள்ளத்தோடு தனியப் போனான். நான் வீட்டோடு நின்று கரையில் கம்பு நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலையும் சில்லறைத் தொழிலுமாகப் பார்த்தேன். மனைவி முணுமுணுத்தாள்தான். ஆனால் பின்னேரத்தில் நேரம் பிந்தினால், "போங்கோ, அங்கை கதிரை காத்துக்கொண்டிருக்கு," என்று அவளே கலைத்து அனுப்புவாள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் குறை இருந்தது, சண்டை இருக்கவில்லை. எனக்கும் அந்த அறை பழகிவிட்டது. காலமை வெயில் யன்னலால் வந்து அவருடைய மடியில் விழும். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்குக் கரண்டியால் பருக்குவா. எனக்குப் பனங்கட்டியோடு ஒரு கோப்பை. நான் ஊர்க் கதையெல்லாம் ஆளாளின் குரலில் சொல்லுவேன். சுவாமியாரைப் போல, மிஸ்ஸைப் போல, தியானப் பிரசங்கியைப் போல.

ஒருநாள் மாமி, "அண்டைக்குக் கலியாண வீட்டிலை செய்ததைச் செய்யும் தம்பி, நான் பார்க்கேல்லை," என்றா.

 அவர் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பினேன். வயிற்றைத் தள்ளினேன். சாரத்தைப் பிடித்தேன். "இழுடா பேயா, உன்ரை கொப்பன்ரை வலையே!"

அவருடைய நல்ல பக்கத்துத் தோள் குலுங்கியது. தொண்டையில் ஒரு சத்தம். சிரித்தாரோ, தேத்தண்ணி புரைக்கேறிப் பிரக்கடித்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாமி சிரித்ததாகத்தான் சொன்னா. நான் பயத்தில் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நன்றி என்றோ மன்னிச்சிட்டன் என்றோ அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குழறலில் எனக்குப் பிடிபட்டிருக்காது. அதை எதிர்பார்த்துப் போன நாளும் உண்டு, பிறகு அது மறந்துபோய்விட்டது. செபத்தில் வருகிற என்னுடைய இருமலும் எப்போது நின்றது என்று தெரியாது. மனைவி ஒருநாள் சொல்லித்தான் கவனித்தேன்.

மூன்று வருஷமும் சில மாதமும் அவர் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை நான் தூக்கிக் கதிரையில் இருத்த, தேத்தண்ணி பாதி குடித்து, யன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான். முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த மச்சானும் நானும் அவரைக் குளிப்பாட்டினோம். பக்கவாட்டில் திருப்பி முதுகைக் கழுவினேன். புண் இருந்த இடத்தில் தோல் முழுக்க மூடி, மற்ற இடத்தை விடக் கொஞ்சம் வெளிறி, வழுவழுப்பாக இருந்தது.