மிளகாய்க் கிடங்கில் தொடங்கிய பள்ளிக்கூடம்

கேரளம் தனி மாநிலமான மறு வருஷம், மட்டாஞ்சேரியில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினேன். நான் மிளகாய் வத்தல் வியாபாரி. சும்மா கிடந்த என் கிடங்கைக் கழுவி, வெள்ளையடித்து, பெஞ்சு போட்டேன். உள்ளே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு நெடியும் இல்லை.

திறந்த அன்று, மணியடித்த கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கண்ணைக் கசக்கி அழ ஆரம்பித்தார்கள். முதல் நாள் அழுகைதானே என்று, யாரும் ஓடிவிடாதபடி கதவைச் சாத்தினேன். முன் பெஞ்சில் இருந்த ஆயிஷாவை, "சத்தம் வரப்படாது!" என்று அதட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிவேடு எடுக்கப் போயிருந்த டீச்சர் உள்ளே வந்ததுமே இருமினார். "முதலாளி, இது அழுகையில்ல, மொளகா நெடி! ஓட்டுக்கடியில பூரா தூளு. உங்களுக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. இருபது வருஷ வியாபாரத்தில் என் மூக்கு மரத்துப்போயிருந்தது.

எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிவந்தோம். அங்கேயும் ஆயிஷா கையை எடுக்கவில்லை. இருமலை அடக்கி அவள் முகமே சிவந்திருந்தது. "எடும்மா, இருமிக்கோ" என்று நானே சொல்லவேண்டியிருந்தது.

மறுவாரமே பள்ளியை வேறு வீட்டுக்கு மாற்றினேன். இப்போது எந்தப் பிள்ளை அழுதாலும் முதலில் கதவைத் திறந்துவிடுகிறேன். அதட்டுவதில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.