ஞானப்பூ ஆயாம்மாவின் காணிக்கைக் கோழி

எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஞானப்பூ ஆயாம்மா தனியே இருந்தார். ஆசுபத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டுச் சூறாவளி அவருடைய கூரையைக் கொண்டுபோனது. அதே வருடம் புருஷனும் போய்விட்டார். கூரைக்குப் பதிலாகத் தகரம் கிடைத்தது. புருஷனுக்குப் பதிலாக ஒரு செங்கோழி வளர்த்தார்.

பேச்செல்லாம் அந்தக் கோழியோடுதான். "தின்னுகா, தின்னு. நீயும் நானுந்தான் மிச்சம்."

வேலிக்குப் பின்னால் நின்று கோழிக்காக நான் பதில் சொல்லுவேன். "உப்புக் கூடிப்போச்சு, ஆயாம்மா."

"குரங்கே! உன்ட உம்மா வரட்டும், சொல்றன்."

எண்பத்தொன்றில் அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் அறுப்புப் பண்டிகை வந்தது. விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிய முற்றத்தில் ஏலம், காசு கோயிலுக்கு. வேடிக்கை பார்க்க மதிலில் ஏறியிருந்தேன். லொறிக்காரத் தேவநாயகம் முதலாளி பன்னிரண்டு மூட்டை நெல் கொடுத்திருந்தார். ஆயாம்மா கொடுத்தது அந்தச் செங்கோழி.

அதை முதலாளியே நூறு ரூபாய்க்கு எடுத்தார். சனம் கைதட்டியது. "இந்தாங்க ஆயாம்மா, நீங்களே கொண்டு போங்க," என்று கோழியை நீட்டினார்.

"வேணாம் தம்பி. ஆண்டவருக்குக் குடுத்தாச்சு. திருப்பி வாங்கினா நான் என்னத்தக் குடுத்த?"

கோழி முதலாளியின் காரில் ஏறிற்று. ஆயாம்மா வெறுங்கையோடு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கார்க் கண்ணாடி திறந்திருந்தது. கோழியைச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு குறுக்கு ஒழுங்கையால் ஓடி, ஆயாம்மா வருமுன் அவருடைய கூட்டில் அடைத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் அறுக்கும் குர்பான் இறைச்சியில் கொடுப்பவர் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது.

ஆயாம்மா கூட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு அந்த உச்சி வெயிலிலேயே முதலாளி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

முதலாளியின் மனைவி வாசலுக்கு வந்தார். "கேட்டா அவர் தந்திருப்பாரே. களவெடுக்கவா வேணும்?"

எத்தனையோ நோயாளிகளின் நகையைக் கழற்றி வைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த ஆயாம்மாவின் கை, கோழியை நீட்டியது.

"அவ இல்ல. நான்தான் எடுத்த," என்றேன். அறைக்குக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அந்தம்மா கோழியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆயாம்மா கதைத்தார்.

"கள்ளி எண்டது பரவாயில்ல மனே. ஒருக்காக் குடுக்கிறதுக்கே எனக்கு மூணு நாள் நித்திர இல்ல. நீ ரெண்டாந்தரமும் குடுக்க வெச்சிட்டாய்."

"எங்கட வீட்டில குஞ்சு இரிக்கி. ஒண்டு கொண்டாறன்."

"இப்ப ஒண்டும் வேணாம்."

படலையைச் சாத்திக்கொண்டார். நான் வெளியிலேயே நின்றேன். உள்ளே ஜெபம் பண்ணுவது கேட்டது. முதலில் முதலாளி மனைவியின் பெயர் வந்தது, பிறகு என் பெயர். தனக்கு என்ன கேட்டாரோ தெரியாது. அந்த இடத்தில் குரல் உடைந்துபோயிற்று.