அப்பா சட்டையைக் கழற்றிய காலை

ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கிவிடுகிற ரகம் நான். ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கை அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டது.

அந்தக் கோடையில்தான் அப்பாவுக்குக் குடலில் கட்டி என்று புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் சிறு துளை போட்டு, மலம் வெளியேற ஒரு பையைப் பொருத்தி அனுப்பினார்கள். பை வந்த அட்டைப்பெட்டியில் ஸ்டோமா என்று எழுதியிருந்தது. வெளியில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா எச்சரித்திருந்தாள். வெற்றுடம்போடு வயலில் இறங்கிப் பழகிய அப்பா, அதன்பிறகு முழுக்கைச் சட்டையோடு வரப்பிலேயே நின்றார். சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று கோயிலுக்குள்கூடப் போகவில்லை.

அறிவியல் ஆசிரியர் அன்று இலைத்துளை நடத்தினார். கரும்பலகையில் இரண்டு அவரை விதைகளை எதிரெதிராக வரைந்தார். நடுவில் உள்ள சந்துக்குப் பெயர் ஸ்டோமா, கிரேக்கத்தில் வாய் என்று பொருள், இலைக்குள் காற்று போய்வருவதும் நீர் ஆவியாவதும் இதன் வழியாகத்தான் என்றார். இந்தச் சொல்லை வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா என்றார்.

"எங்க அப்பா வயித்துல இருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சரியான பதில்தான், உள்ளே வழி அடைபட்டால் டாக்டர்கள் திறந்துவிடுகிற வழிக்கும் அதே பெயர், அது இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடமே சொன்னேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

மறுநாள் காலை என்னைப் பள்ளியில் விடப் போகும் வழியில் வண்டியை எங்கள் வயலருகே நிறுத்தினார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களில் ஒருவர் என் வகுப்புத் தோழியின் அம்மா. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. அப்பா சட்டையின் மேல் பொத்தானில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். பள்ளிக்கு நேரமாகிற எரிச்சலில் நான் எட்டி ஹாரனை அடித்தேன். ஒருமுறையல்ல, மூன்று முறை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா சட்டையைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். பை எல்லோருக்கும் தெரிந்தது. தோழியின் அம்மா குனிந்து நட்டபடியே குரல் கொடுத்தார்.

"அண்ணே, இந்தப் பக்கம் நாத்து முடி பத்தல. எடுத்துக் குடுங்க."

அப்பா சேற்றில் இறங்கினார்.

பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். ஆசிரியர் காரணம் கேட்டார். அப்பா நாற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.