ஒரு லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

எங்கள் தெரு பஸ் டிரைவர் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே இல்லையாம். லேப்டாப்பைக்கூட ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களாம். "அடுத்து வீடுதான் சார்" என்றார் தெருமுனை செல்போன் கடைக்காரர். இப்படி ஒரு சேதியை விசாரிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேத்தியின் பள்ளிப் பையில் பெயர் தைக்க வேண்டும் என்ற சாக்கோடு கிளம்பினேன்.

சாக்கு பொருத்தமானதுதான். டிரைவரின் மனைவி எம்பிராய்டரி போடுகிறவர். பள்ளிச் சட்டைக்கு பேட்ஜ், ஹோட்டல் சிப்பந்திகளின் சட்டைக்குப் பெயர் எல்லாம் அவர் கைவேலை. முன்னறையில் பாதியை மிஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியை நூல்கண்டுகள். பேச்சே இல்லாத வீடு என்று கேள்விப்பட்டுப் போன எனக்கு, வாசலிலேயே காது அடைத்தது.

"யாரு சொன்னா பேசலைன்னு?" என்றார் அந்த அம்மா.

"நாலஞ்சு நாள் பேசலையே" என்றார் டிரைவர்.

"திட்டினேனே? அது பேச்சில்லாம என்னவாம்?"

விஷயம் இதுதான். வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்து டிரைவரின் முதுகு போய்விட்டது. டிப்போவின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு நாற்காலி காலி. தேர்வில் தேறினால் நாற்காலி, இல்லாவிட்டால் வீடு. தேர்வு லினக்ஸில், அதாவது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொரு ஏற்பாட்டில். வீட்டில் இருப்பதோ ஒரே லேப்டாப். படத்தைத் தையலாக மாற்றும் மனைவியின் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவர் பல வருஷமாக உருவாக்கிய டிசைன்கள் மொத்தமும் அதற்குள்தான். வேறெங்கும் காப்பி கிடையாது. அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் வைக்கலாம் என்றாராம் டிரைவர்.

"நீங்க மாடி கட்டிக்கோங்க. என் தளத்துல ஒரு செங்கல் நகரக்கூடாதுன்னு சொன்னேன் சார்."

டிரைவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மனைவியின் பங்கைக் கொஞ்சம் சுருக்கி, காலியான இடத்தில் லினக்ஸை ஏற்றினார். அது வழியில் என்னென்னவோ கேட்டது. "சரியா? சரியா?" என்று கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டினார்.

"படிச்சுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"கண்டக்டர் விசில் குடுத்தா வண்டிய எடுக்கணும் சார். ஏன் விசில்னு கேட்டுக்கிட்டா இருப்போம்?"

லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் லினக்ஸ் நேராக வந்து உட்கார்ந்தது. விண்டோஸைக் காணோம். பின்னால் காபியோடு நின்றிருந்த மனைவி கேட்டார்: "என்னுது எங்க?"

"இருக்கும்மா."

"எங்க?"

"உள்ள."

"எந்த உள்ள?"

டிரைவர் மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் லினக்ஸ். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கு பேட்ஜ் கொடுத்தாக வேண்டும். மனைவி பேசாமல் போய் மிஷினைப் போட்டு, வேண்டாத துணியில் வெறும் நேர்க்கோடாக ஓட்டிக்கொண்டிருந்தாராம். டிசைன் இல்லாத மிஷின் வேறு என்னத்தைத் தைக்கும்? "அந்தச் சத்தத்துக்கு அவ திட்டியிருக்கலாம் சார்" என்று தலையைக் குனிந்தார் டிரைவர். பேச்சில்லாத நாள்கள் அவைதாம். வதந்தி பொய்யில்லை, கொஞ்சம் பழசு.

டிசைன்கள் எங்கும் போகவில்லை. லேப்டாப்பைப் போட்டதும் பக்கத்துப் போர்ஷனில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்கும்படி லினக்ஸிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். டிரைவர் தேடித் தேடி ஒரு வரியை மாற்றியதும், எது வேண்டும் என்று கேட்டுத் திரையில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டு பெயரும் வந்தன. மனைவி உட்கார்ந்து ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்தார். முதன்முதலில் செய்த வாத்துக்குட்டி வரைக்கும் பத்திரம். எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் பூட்டினார். திட்டு அதற்குப் பிறகு ஆரம்பித்தது.

திட்டு முடிந்தும் ஒரு வழக்கு பாக்கி இருந்தது. அந்தத் திரை சில நொடிகள் காத்திருக்கும். யாரும் எதையும் தட்டாவிட்டால் தானாக லினக்ஸுக்குப் போய்விடும். மனைவி லேப்டாப்பைப் போட்டுவிட்டு நூல் மாற்றித் திரும்புவதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

"தினமும் உங்க வீட்டுக்குள்ள போய்த்தான் நான் என் வீட்டுக்கு வரணுமா?"

டிரைவர் அதையும் மாற்றிவிட்டார். என் கண்ணெதிரில் போட்டுக் காட்டினார். யாரும் கைவைக்கவில்லை. நேராக விண்டோஸ். "இனிமே சும்மா விட்டா அவ ஸ்டாப்புலதான் நிக்கும்." மனைவி திரும்பிப் பார்க்காமல், "தேர்வுல தேறிட்ட திமிரு" என்றார். அடுத்த மாதத்திலிருந்து நாற்காலி.

திரும்பும் வழியில் செல்போன் கடைக்காரரைப் பிடித்தேன். "லேப்டாப்பைப் பிரிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பென் டிரைவ் என்னுது சார்! லினக்ஸை அதுல ஏத்தித்தான் லேப்டாப்புக்குக் கொண்டு போனார். உள்ள என் பாட்டெல்லாம் இருந்துச்சு. அத்தனையும் அழியும், சரியான்னு கேட்டிருக்கு. அந்த மனுஷன் சரின்னுட்டார்!"

சமாதானத்துக்கு டிரைவரின் மனைவி கடைப் பெயரைச் சட்டைப் பையில் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சட்டையைத்தான் கடைக்காரர் அப்போதும் போட்டிருந்தார். "சட்டை வேற, பாட்டு வேற" என்றார் கறாராக. டிரைவரும் இல்லையென்று சொல்லவில்லை. கடையில் கேட்டதாகத் தனக்கு ஞாபகம் வரவர ஒவ்வொரு பாட்டாகத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார். வந்தவரைக்கும் கேட்டுப் பார்த்ததில், பாதிப் பாட்டு கடைக்காரரிடம் இருந்ததே இல்லையாம்.